என்ன அரைத்தீர்கள் என்று கேளுங்கள்

மிக்ஸி, கிரைண்டர் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் கரூரில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. நீங்கள் வரைந்து, வார்த்து, பூட்டி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிய பொருள் சில ஆண்டுகள் கழித்து என் மேசைக்கு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அது ஒரு சமையலறையில் வாழ்ந்திருக்கிறது. அந்த வாழ்க்கையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் சில பொருள்கள் இப்படி வந்திருக்காது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சென்ற மாதம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, மிக்ஸியைக் கட்டைப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். நான்கு நாள்களாக ஓடவில்லையாம். அந்த நான்கு நாளும் பக்கத்து வீட்டுக்குத் தேங்காயைக் கொண்டுபோய் அரைத்து வாங்கியிருக்கிறார். யார் வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டேன்: "கடைசியாக என்ன அரைத்தீர்கள்?" உளுந்து என்றார். அரைத்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டதாம். மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஓடியது.

பாரம் மிகுந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டித்து மோட்டாரைக் காப்பாற்றும் ஓவர்லோட் ஸ்விட்ச் அது. அருமையான ஏற்பாடு. அது இல்லையென்றால் அந்த மோட்டார் அன்றைக்கே கருகியிருக்கும். காசு வேண்டாம் என்று சொல்லி மிக்ஸியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. "இதுகூடத் தெரியாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே" என்றார்.

அந்த வெட்கம் அவருக்கு உரியதே அன்று. பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் வைத்து, அதன் அருகே ஓர் எழுத்தும் பொறிக்காமல், அதைப் பற்றிய விளக்கத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் பொடி எழுத்தில் அச்சடித்து அனுப்பியவர்களுக்கு உரியது. ‘நின்றுவிட்டால் இதை அழுத்தவும்’ என்று தமிழில் ஒரு சிறிய ஸ்டிக்கர் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் போதும். அவருக்கு இரண்டு பஸ் கட்டணமும், நான்கு நாள் அலைச்சலும், பிறர் வீட்டு வாசலில் நின்ற சங்கடமும் மிச்சமாகியிருக்கும். இப்படி அழுத்திக் கொடுத்து அனுப்பும் மிக்ஸிகள் என் கடைக்கு வாரந்தோறும் வருகின்றன.

வாடிக்கையாளரே முதன்மை என்று உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. நீங்கள் அதை மனதாரச் சொல்கிறீர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் வாடிக்கையாளர் யார் என்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் கணக்கு வேறுபடுகிறது. கடையில் பணம் கட்டுபவரை நீங்கள் வாடிக்கையாளர் என்கிறீர்கள். நான் பார்ப்பது ஐந்தாவது ஆண்டில் அதை அரைக்கப் பயன்படுத்துபவரை. நம் ஊரில் பல வீடுகளில் இவர்கள் இருவரும் ஒருவர் அல்லர்.

கல்யாணச் சீரை எண்ணிப் பாருங்கள். மிக்ஸியும் கிரைண்டரும் இல்லாத சீர்வரிசை இன்று அரிது. கடைக்கு வருபவர் பெண்ணின் அப்பா அல்லது தாய்மாமன். அவர் வாழ்நாளில் ஒரு தடவையும் சட்னி அரைத்திருக்க மாட்டார். எத்தனை வாட்ஸ், எத்தனை ஜார், பார்க்க எப்படி இருக்கிறது, சபையில் வைத்தால் எடுப்பாக இருக்குமா என்பவைதான் அவர் கேட்பவை. அவருக்குப் பிடித்ததை நீங்கள் செய்கிறீர்கள். அவருக்கு விற்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண், தான் தேர்ந்தெடுக்காத ஒரு பொருளோடு, தனக்குப் பழகாத ஒரு சமையலறையில் போராடிக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ் என்பது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. தேங்காய் எவ்வளவு மையாக அரைபடும் என்பதை அது சொல்லாது. அதை ஜாரின் வடிவமும், பிளேடு நிற்கும் உயரமும் கோணமும்தான் முடிவு செய்கின்றன. வாட்ஸை உயர்த்தும் போட்டியில் நீங்கள் செலவிடும் உழைப்பில் பாதியைப் பிளேடுக்குக் கொடுத்திருந்தால் என் மேசை இவ்வளவு நிறைந்திருக்காது.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அதுவரை அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் மாய்ந்துகொண்டிருந்த எத்தனையோ பெண்களின் தோளுக்கு அன்றுதான் ஓய்வு கிடைத்தது. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன பேசினாலும், அவர்கள் முதன்முதலாக என் கடைக்குள் தயங்கித் தயங்கி நுழைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அங்கும் இதே கதைதான். வாங்கியவர் அரசு, அரைத்தவர் அந்தப் பெண். செய்தவர்கள் ஒப்பந்தத் தாளைப் படித்தார்கள். மிக்ஸியை முதன்முறையாகத் தொடப்போகும் ஒருவருக்கு எதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எந்த ஒப்பந்தத் தாளிலும் இருக்காது. கூடுதல் நேரம் ஓட்டக் கூடாது, நடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும், ஜாரைக் கழுவியதும் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களுக்கு நாங்கள்தான் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொன்னோம்.

உங்கள் வாரண்டி அட்டையில் ஒரு சொல் இருக்கிறது: ‘தவறான பயன்பாடு’. எனக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத சொல் அது ஒன்றுதான். இட்லிக்கு மாவு அரைத்தால் தவறான பயன்பாடு. சுக்கோ விரலி மஞ்சளோ போட்டால் தவறான பயன்பாடு. கொப்பரையைப் பெரிய துண்டாகப் போட்டால் தவறான பயன்பாடு. மிக்ஸியில் மாவு அரைத்தால் சூடேறும், உளுந்து பொங்கி வராது என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தே ஏன் அரைக்கிறார்? வீட்டில் இருப்பவர் இரண்டு பேர், கிரைண்டரில் போடும் அளவுக்கு மாவு தேவையில்லை. அல்லது கிரைண்டரின் பாத்திரத்தைத் தூக்கிக் கழுவக் கை ஒத்துழைக்கவில்லை. அல்லது காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், கிரைண்டர் அரைத்து முடிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை. இவை ஒவ்வொன்றும் உங்களுக்கு வர வேண்டிய தகவல்கள். ஒரு சொல்லைப் போட்டு அவற்றை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள்.

என் மகன் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். ஒரு நாள் கடையில் உட்கார்ந்துகொண்டு, படித்த கதை ஒன்றைச் சொன்னான். சீனாவில் ஹையர் என்று ஒரு நிறுவனம். 1985-இல் அதன் தலைவர் ஜாங் ருயிமின், குறையோடு தயாரான 76 குளிர்சாதனப் பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் செய்த தொழிலாளர்களைக் கொண்டே சம்மட்டியால் உடைக்க வைத்தாராம். பலரும் வியந்து சொல்வது அந்தக் கதையைத்தான். எனக்குப் பிடித்தது அவன் அடுத்துச் சொன்னது. 1990-களில் சிச்சுவான் மாநிலத்தில் ஒரு விவசாயி தன் சலவை இயந்திரத்தில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொள்கிறது என்று புகார் செய்கிறார். பழுதுபார்ப்பவர் போய்ப் பார்த்தால் குழாய் முழுக்க மண். விவசாயி அந்த இயந்திரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். இதைவிடத் தவறான பயன்பாடு உலகத்தில் உண்டா? நம் ஊர் வாரண்டி அட்டையாக இருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். அவர்களோ துணியை மட்டுமல்லாமல் கிழங்கையும் கழுவக்கூடிய, அகலமான குழாய் வைத்த இயந்திரம் ஒன்றை வடிவமைத்து விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். மண் அடைத்த குழாயைக் கழற்றிப் பார்த்த ஆளின் பேச்சு, படம் வரையும் மேசைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பேச்சு எங்கே போய்ச் சேருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனாவரை போகவும் தேவையில்லை. நம் நாட்டு மிக்ஸி பிறந்த கதையே இதுதான். பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் வீட்டில் ஜெர்மனியிலிருந்து வந்த மிக்ஸி ஒன்று இருந்தது. அது அந்த நாட்டுச் சமையலுக்குச் செய்தது. நம் மசாலாவையும் பருப்பையும் தாங்காமல் மோட்டார் கெட்டுப்போனது. சரிசெய்யவும் வழியில்லை. அவர் மனைவி மாதுரி, நம் சமையலுக்குத் தாங்குகிற ஒன்றைச் செய்து தாருங்கள் என்றார். அப்படி 1963-இல் வந்ததுதான் சுமீத். அந்த மிக்ஸியின் பழைய உருப்படிகள் இன்னும் எப்போதாவது என் கடைக்கு வரும். பாட்டியின் மிக்ஸியைப் பேத்தி கொண்டுவருவார். திறந்து பார்த்தால் கை தானாகவே மரியாதையோடு வேலை செய்யும். தன் வீட்டு அடுப்படியில் நின்று பார்த்த ஒருவர் செய்த பொருள் என்பது ஒவ்வொரு ஸ்குருவிலும் தெரியும்.

கோவைக் கிரைண்டரும் அப்படிப்பட்டதுதான். 1955-இல் அங்கே சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் பாத்திரம் சுற்றும், குழவி இருந்த இடத்திலேயே உருளும். வேலையைத் தலைகீழாகத் திருப்பினாலும் கருங்கல்லை விடவில்லை, வேகத்தையும் அளவுக்கு மீறிக் கூட்டவில்லை. மெதுவாக, சூடேறாமல் அரைபட்டால்தான் மாவு பொங்கும் என்பதை ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவரால்தான் விடாமல் காப்பாற்ற முடியும். பிறகு மாவைக் குனிந்து குனிந்து வழித்தெடுத்த முதுகுகளுக்காகச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது. சிறிய குடும்பங்களுக்காக மேசைமேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்த ஊரின் பட்டறைகளில் இருந்தவர்களுக்குத் தங்கள் அம்மாவும் அக்காவும்தான் ஆய்வுக்கூடம்.

உங்கள் இன்றைய வேலையிலும் அந்தக் கண் முற்றிலும் இல்லை என்று சொன்னால் அது பொய். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரையே எடுத்துக்கொள்கிறேன். ஜார் சிக்கிக்கொண்டால் முதலில் உடைவது கப்ளர். சில ரூபாய் மதிப்புள்ள அந்தச் சிறு பாகம் தான் உடைந்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஏதாவது ஒன்று உடைந்தே ஆக வேண்டும் என்றால் மலிவானது உடையட்டும் என்று யோசித்திருக்கிறார். கப்ளரை மாற்றும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதரை நான் நன்றியோடு நினைப்பது உண்டு.

அதே நிறுவனங்கள்தான் கப்ளரின் அளவை மாடலுக்கு மாடல் மாற்றுகின்றன என்பதுதான் வருத்தம். நான்கு ஆண்டு ஆன மிக்ஸிக்கு ஜார் கிடைப்பதில்லை. அடிப்பகுதி நன்றாக ஓடும், அதன் மேல் பொருத்த ஜார் இருக்காது. நல்ல மோட்டாரை எடைக்குப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது.

சட்னி ஜாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் விளம்பரப் படத்தில் முன்னால் வைப்பது பெரிய ஜாரை. எங்கள் பக்கத்து வீடுகளில் தினமும் இரண்டு வேளை ஓடுவது சின்ன ஜார். காலையில் தேங்காய்ச் சட்னி, மதியம் குழம்புக்கு மசாலா, வீட்டில் குழந்தை இருந்தால் அதற்குச் சத்துமாவு. முதலில் தேய்வது, பிளேடின் தண்டைத் தாங்கும் வளையமான அதன் புஷ்தான். புஷ் தேய்ந்தால் வாஷர் வழியாகத் தண்ணீர் கசியும். கசிந்த சட்னித் தண்ணீர் கப்ளர் வழியாக உள்ளே இறங்கும். அந்த வாசனைக்கு எறும்பும் கரப்பானும் வரும். எத்தனை மோட்டாருக்குள் கரப்பான் குடும்பம் குடித்தனம் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? மோட்டாரின் கார்பன் பிரஷ் போய்விட்டது, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் கருகிவிட்டது என்று நான் பில் எழுதும்போது, மூல காரணம் அந்தச் சின்ன ஜாரின் அடியில் இருக்கும் ஒரு வளையம். அந்தப் புஷ்ஷையும் வாஷரையும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் புதிதாக வரும் சில ஜார்களில் அதைக் கழற்றவே முடியாதபடி அடைத்து விடுகிறார்கள். முழு ஜாரையும் வாங்கு என்கிறார்கள். அதிகம் உழைக்கும் ஜார் எதுவோ அதற்குத்தான் கெட்டியான புஷ் கொடுக்க வேண்டும். நீங்கள் எல்லா ஜார்களுக்கும் ஒரே தரத்தில் போடுகிறீர்கள். சமையலறையில் ஒரே ஒரு வாரம் நின்று பார்த்த எவரும் இதைச் செய்ய மாட்டார்.

இப்போது புதிதாகத் தொடுதிரை வைத்த மிக்ஸிகள் வருகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அரைக்கும் கை எப்போதும் ஈரக் கை. அதில் மாவு இருக்கும், எண்ணெய் இருக்கும், புளித்தண்ணீர் இருக்கும். திரை சில நேரம் கேட்காது, சில நேரம் கேட்காமலே ஓடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் ஊர்களில் அதற்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு நெடுநாள் தாங்குவதில்லை. மாற்ற வேண்டுமென்றால் ஒரு புது மிக்ஸியின் பாதி விலை.

என் கடைக்கு நெடுங்காலமாக வரும் ஒரு பாட்டிக்குப் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. தனியாகத்தான் சமைக்கிறார். திருகும் ஸ்விட்ச் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழும் ஓசையை எண்ணி வேகம் வைப்பார். அரைபடும் சத்தத்தைக் கேட்டே தேங்காய் மசிந்துவிட்டதா என்று சொல்வார். அவர் மகன் ஆசையாக ஒரு தொடுதிரை மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். பாட்டி ஒரு வாரம் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம் பழைய மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, "இதற்கே உயிர் கொடுப்பா" என்றார். கொடுத்தேன். அந்த ஸ்விட்ச்சைத் தூக்கிவிடலாம் என்று முடிவு செய்த கூட்டத்தில் இந்தப் பாட்டிக்காகப் பேச ஒருவரும் இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

சில நிறுவனங்கள் இப்போது முக்கோணத் தலை வைத்த ஸ்குருவைப் போடுகின்றன. எங்களிடம் இருக்கும் எந்த ஸ்குரு டிரைவரும் அதில் இறங்காது. இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்கிறார்கள். கிராமத்திலிருந்து வருபவருக்கு அருகில் இருக்கும் சேவை மையம் வேறு மாவட்டத்தில் என்றால், அந்த ஸ்குரு யாரைப் பாதுகாக்கிறது? பிரான்சில் 2021-இல், சலவை இயந்திரம், கைபேசி போன்ற சில பொருள்களை, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண்ணைக் காட்டியே விற்க வேண்டும் என்று விதி வந்தது. நம் மத்திய அரசும் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. சட்டம் வந்து உங்களைக் கட்டாயப்படுத்தும்வரை காத்திருக்காதீர்கள். பிரித்துப் பூட்ட முடிகிற பொருளைச் செய்யும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் ஆய்வுக்கு என்று என் கடைக்கு வந்தார்கள். நான் உற்சாகமாகிவிட்டேன். டீ வரவழைத்தேன். எந்த நிறம் அதிகம் விற்கிறது, மக்கள் எந்த விலையை எதிர்பார்க்கிறார்கள், எந்த நடிகர் விளம்பரத்தில் வந்தால் நம்புகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். எது அதிகம் பழுதாகிறது என்று கேட்கவே இல்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தபோது, அது எங்கள் படிவத்தில் இல்லை என்றார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் கையில் கொடுத்தனுப்பிய படிவம்தான் சரியில்லை.

படிவத்தால் பிடிக்க முடியாதது எவ்வளவோ இருக்கிறது. மகன் சொன்ன இன்னொரு கதையும் நினைவுக்கு வருகிறது. டொயோட்டா நிறுவனத்தில் யுஜி யோகோயா என்ற பொறியாளரிடம், வட அமெரிக்கக் குடும்பங்களுக்கான சியன்னா வண்டியைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் ஜப்பானில் உட்கார்ந்து வரையவில்லை. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், கனடாவிலும், மெக்சிகோவிலும் பழைய வண்டியையே ஓட்டிப் பார்த்தார். 53,000 மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 85,000 கிலோமீட்டர். நெடும்பயணத்தில் மக்கள் வண்டிக்குள்ளேயே சாப்பிடுகிறார்கள், பாலத்தின் மேல் பக்கக் காற்று வண்டியைத் தள்ளுகிறது, குறுகிய தெருவில் திருப்ப முடியவில்லை என்பதையெல்லாம் உடம்பால் தெரிந்துகொண்டு வந்துதான் 2004 மாடலை அமைத்தார். நான் உங்களிடம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை. கோவையிலிருந்து கரூர் பஸ்ஸில் மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில்.

கரூர்தான் என்றும் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மார்க்கெட் சந்தில், என்னைப் போல ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஜார் வரையும் பொறியாளர் யாரோ அவரே வர வேண்டும். அவருக்குப் பதிலாக விற்பனைப் பிரிவிலிருந்து ஆள் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் முழுவதும் எங்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். மேசைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் நீங்களே கேளுங்கள், என்ன அரைத்தீர்கள் என்று. பிறகு அவர்களில் யாராவது ஒருவரிடம் அனுமதி பெற்று அவர் வீட்டுச் சமையலறைக்குப் போய், அவர் அரைக்கும்போது பேசாமல் நின்று பாருங்கள். பிளக் எட்டாமல் சிங்குக்கு மேலே எக்ஸ்டென்ஷன் பெட்டி தொங்குவதைப் பார்ப்பீர்கள். ஒரு கை மூடியை அழுத்தியபடி இருக்க, மறு கை குழந்தையைப் பிடித்திருப்பதைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் உங்கள் புதுப் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்பது அதற்கப்புறம் இருக்கட்டும். கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவரின் முகம் வாடும்படி நம் பெண்கள் பேச மாட்டார்கள்.

பதினோரு ஆண்டுகளாக நான் ஒரு நோட்டு எழுதி வருகிறேன். இப்போது நான்காவது நோட்டு. தேதி, மாடல், என்ன பழுது, என்ன அரைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நான்கு கட்டம். பழுதாகிக் கழற்றிய பாகங்களையும் எறியவில்லை. தேய்ந்த புஷ், உடைந்த கப்ளர், கருகிய ஆர்மேச்சர் என்று வகை பிரித்துச் சாக்கில் போட்டு மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மனைவி அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடச் சொல்லிச் சலித்துவிட்டார். யாராவது ஒரு நாள் கேட்டு வருவார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் வாருங்கள். ஞாயிறு விருந்துச் சமையலில் நின்றுபோனவை எல்லாம் அன்றைக்குத்தான் வரும். கடை ஒன்பது மணிக்குத் திறந்துவிடும்.

அன்புடன்,
கரூரிலிருந்து ஒரு மிக்ஸி பழுதுபார்ப்பவன்